கம்பெனி கைமாறும்போது நம் ஆப்ஷன், ஆர்.எஸ்.யு. எல்லாம் என்னவாகும்?

தாழை

எல்லோருக்கும் வணக்கம். நான் வேலை பார்க்கும் கம்பெனியை எங்களைவிடப் பல மடங்கு பெரிய கம்பெனி ஒன்று வாங்கப்போவதாகப் போன வாரம் அறிவித்தார்கள். ஊழியர் பங்குத் திட்டம் பற்றிக் கேட்டால் "திட்ட விதிகளின்படி நடத்தப்படும்" என்ற ஒற்றை வரிதான் பதிலாக வருகிறது.

என்னிடம் ஆப்ஷன்கள் (முன்பே குறித்த விலைக்குக் கம்பெனிப் பங்கை வாங்கும் உரிமை) இருக்கின்றன. பாதிக்கு மேல் வெஸ்ட் ஆகிவிட்டது (அதாவது, குறித்த காலம் வேலை பார்த்ததால் எனக்கு உரியதாகிவிட்டது), மீதி ஆகவில்லை. பின்னால் கொடுத்த ஆர்.எஸ்.யு.வும் (வெஸ்ட் ஆனதும் விலை கொடுக்காமலே கிடைக்கும் பங்கு) கொஞ்சம் உண்டு. கம்பெனி பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாதது, முதலீட்டாளர்கள் பணம் போட்டு வளர்ந்தது. கூட வேலை பார்க்கும் ஒருவர் "டீல் முடிந்த அன்றே எல்லாம் வெஸ்ட் ஆகிவிடும்" என்கிறார். இன்னொருவர் "வெஸ்ட் ஆகாதது அத்தனையும் போச்சு" என்கிறார். எதை நம்பிக் குடும்பச் செலவைத் திட்டமிடுவது? இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏட்டுச்சுவடி

தாழை, அவர்கள் சொல்கிற இரண்டுமே நடக்கக்கூடியவைதான். எது நடக்கும் என்பது மூன்று காகிதங்களில் இருக்கிறது: பங்குத் திட்டத்தின் முழு விதி, உங்களுக்குத் தந்த கிராண்ட் லெட்டர் (ஆப்ஷன் ஒதுக்கியதைச் சொல்லும் கடிதம்), இரண்டு கம்பெனிகளும் போட்டுக்கொண்ட கையகப்படுத்தல் ஒப்பந்தம். முதல் இரண்டும் உங்கள் கையில் இருக்க வேண்டும். பட்டியலிட்ட கம்பெனி என்றால் மூன்றாவதும் பெரும்பாலும் பொதுவில் கிடைக்கும். உங்களுடையதில் அது கிடைக்காது. ஆனால் ஊழியர் பங்குகள் பற்றிய பகுதியைச் சுருக்கமாகவாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம்.

திட்ட விதியில் முதலில் தேட வேண்டியது "கட்டுப்பாடு கைமாறுதல்" பற்றிய பத்தி. எதையெல்லாம் கைமாறுதலாகக் கணக்கில் எடுக்கிறார்கள் என்ற வரையறை அங்கேதான் இருக்கும். பங்குகளில் பாதிக்கு மேல் விற்பது, இணைப்பு, சொத்து முழுவதையும் விற்பது என்று வகை வகையாக எழுதியிருப்பார்கள். பங்குகளை விட்டுவிட்டுக் கம்பெனியின் தொழிலையும் சொத்தையும் மட்டும் வாங்கும் டீல்களில் இந்த வரையறை கைகொடுக்காமல் போவதுண்டு.

வெஸ்ட் ஆனவற்றுக்கு வழக்கமான வழி: வாங்கும் விலையிலிருந்து உங்கள் எக்சர்சைஸ் விலையை (ஆப்ஷனைப் பயன்படுத்திப் பங்கு வாங்க நீங்கள் கட்ட வேண்டியதை) கழித்து, வித்தியாசத்தை ரொக்கமாகவோ வாங்குபவரின் பங்காகவோ தருவார்கள். எக்சர்சைஸ் விலை வாங்கும் விலையைவிட அதிகமாக இருந்தால் ஒன்றும் தராமலே ரத்து செய்ய முடியும்.

வெஸ்ட் ஆகாதவற்றுக்கு நான்கு கதிகள் உண்டு. வாங்கும் கம்பெனி அப்படியே ஏற்றுக்கொண்டு தன் பங்குக்கான ஆப்ஷனாக மாற்றும். அல்லது ரொக்க வாக்குறுதியாக மாற்றி, பழைய வெஸ்டிங் தேதிகளிலேயே தவணையாகத் தரும். அல்லது உடனே வெஸ்ட் ஆகும். அல்லது ரத்தாகும். "எல்லாம் உடனே வெஸ்ட் ஆகும்" என்று உங்கள் நண்பர் சொல்வதற்கு ஒற்றை டிரிக்கர் என்று பெயர், கைமாறினாலே போதும். இரட்டை டிரிக்கர் என்றால் கைமாறியதோடு, அதன்பின் குறிப்பிட்ட காலத்துக்குள் (12 மாதம் என்று நிறைய பேர் எழுதுவார்கள்) உங்களை வேலையை விட்டும் அனுப்பியிருக்க வேண்டும். சாதாரண ஊழியர்களுக்கு ஒற்றை டிரிக்கர் கிடைப்பது அபூர்வம். இரட்டை டிரிக்கர்கூட நிறைய திட்டங்களில் மேல்மட்டத்துக்கு மட்டும்தான்.

நெடுவழி

எனக்கு ஏற்றுக்கொள்ளும் வகை நடந்தது. கணக்கு காட்டினார்கள், ஆப்ஷன் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போய்விட்டது, எக்சர்சைஸ் விலை எகிறிவிட்டது. எங்கள் டீம் முழுக்க ஏமாற்றிவிட்டார்கள் என்றே பேசிக்கொண்டது. அது சரியான கணக்குதானா என்று யாராவது விளக்குங்களேன், மற்றவர்களுக்கும் உதவும்.

ஏட்டுச்சுவடி

எண்ணிக்கையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. விகிதத்தைப் பார்க்க வேண்டும்.

உங்கள் கம்பெனிப் பங்குக்கு 40 என்று விலை வைத்திருக்கிறார்கள், வாங்குபவரின் பங்கு சந்தையில் 100 என்று வையுங்கள். விகிதம் 0.4. எக்சர்சைஸ் விலை 10 உள்ள 1,000 ஆப்ஷன் 400 ஆகக் குறையும். எக்சர்சைஸ் விலை 10-ஐ 0.4-ஆல் வகுத்து 25 ஆகும். முன்பு உங்கள் லாபம் 1,000 × 30 = 30,000. இப்போது 400 × 75 = 30,000. மதிப்பு ஒரு காசும் நகரவில்லை.

சரிபார்க்க வேண்டிய இடங்கள் வேறு. வாங்குபவரின் பங்கு விலையை எந்த நாளில் எடுத்தார்கள்? ஒரே நாள் விலையா, பத்து நாள் சராசரியா? டீல் அறிவித்ததும் வாங்குபவரின் பங்கு இறங்குவது சகஜம் என்பதால் இதிலேயே கணிசமான வித்தியாசம் வரும். பின்னத்தை எப்படி முழுமையாக்கினார்கள்? (ஆப்ஷன் எண்ணிக்கையைக் கீழ்நோக்கியும் எக்சர்சைஸ் விலையை மேல்நோக்கியும் முழுமையாக்குவார்கள், இது வரிச் சட்டத்துக்காகச் செய்வது.) பழைய வெஸ்டிங் தேதிகள் அப்படியே இருக்கின்றனவா, புதிதாகத் தொடங்குகிறதா? கடைசிக் கேள்வி மிக முக்கியம்.

லிங்க்ட்இன்னை மைக்ரோசாஃப்ட் 2016-இல் பங்குக்கு 196 டாலர் கொடுத்து வாங்கியபோது, வெஸ்ட் ஆகாத ஊழியர் பங்குகள் இப்படித்தான் மைக்ரோசாஃப்ட் பங்குகளாக மாறின.

மழைக்குருவி

தாழை, மேலே ஏட்டுச்சுவடி சொன்னது பட்டியலிட்ட கம்பெனிக்கு அப்படியே பொருந்தும். உங்களுடையது முதலீட்டாளர் பணத்தில் வளர்ந்த கம்பெனி. உங்கள் கவலை வெஸ்டிங்கில் தொடங்கக் கூடாது. "பங்குக்கு எவ்வளவு" என்பதில் தொடங்க வேண்டும்.

செய்தியில் வரும் மொத்தத் தொகையை மொத்தப் பங்குகளால் வகுத்து, தன் பங்கால் பெருக்கிச் சந்தோஷப்படுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். பணம் அப்படி இறங்காது. ஆற்றில் எவ்வளவு தண்ணீர் திறந்தாலும் மேல்மடை எல்லாம் பாய்ந்த பிறகுதான் கடைமடைக்கு. முதலில் கடன், பிறகு வக்கீல், வங்கியாளர் கட்டணம், பிறகு முதலீட்டாளர்களின் முன்னுரிமைப் பங்குகள். ஊழியர்களின் சாதாரணப் பங்குதான் கடைமடை.

ஒரு கணக்கு. கம்பெனி 100 கோடிக்குப் போகிறது. கடன் 10, செலவு 3 போக 87 மிச்சம். முதலீட்டாளர்கள் 60 கோடி போட்டிருக்கிறார்கள், போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை உண்டு, அவர்கள் பங்கு 40 சதவீதம். சாதாரணப் பங்காக மாற்றிக்கொண்டால் அவர்களுக்கு 87-இல் 40 சதவீதம், 34.8 கோடிதான். எனவே மாற்ற மாட்டார்கள், 60-ஐ எடுத்துக்கொள்வார்கள். மீதி 27 கோடியை, 60 சதவீதம் வைத்திருக்கும் சாதாரணப் பங்குதாரர்கள் பிரித்துக்கொள்வார்கள். ஊழியர் திட்டத்துக்கு மொத்தத்தில் 10 சதவீதம் என்றால் கிடைப்பது 4.5 கோடி. செய்தியைப் பார்த்து 10 கோடி என்று நினைத்திருப்பார்கள். முன்னுரிமையையும் எடுத்து மீதியிலும் பங்கு கேட்கும் வகை முதலீடு என்றால் இன்னும் குறையும்.

இது ஏட்டுக் கணக்கு அல்ல. 2015-இல் குட் டெக்னாலஜியை பிளாக்பெரி 42.5 கோடி டாலருக்கு வாங்கியது. அதற்கு முன் அதன் மதிப்பு 100 கோடிக்கு மேல் என்று பேசப்பட்ட கம்பெனி. முன்னுரிமைப் பங்குக்கு ஏறக்குறைய 3 டாலர், ஊழியர்களின் சாதாரணப் பங்குக்கு 44 சென்ட். பழைய உயர்ந்த மதிப்பை வைத்து வரி கட்டியிருந்த ஊழியர்களும் அதில் இருந்தார்கள், கட்டிய வரியைவிடக் குறைவாகக் கையில் வாங்கியவர்கள். 2018-இல் ஃபேன்டூயல் கம்பெனி பேடி பவர் பெட்ஃபேரிடம் போன டீலில் சாதாரணப் பங்கு வைத்திருந்தவர்களுக்குப் பூஜ்யம். நிறுவனர்களே வழக்குக்குப் போனார்கள்.

எனவே நிதித் துறையிடம் எழுத்தில் கேளுங்கள்: சாதாரணப் பங்கு ஒன்றுக்கு மதிப்பீடாக எவ்வளவு வரும்? அந்த ஒரு எண் இல்லாமல் வேறு எதைக் கணக்குப் போட்டாலும் வீண்.

தனிமரம்

எதற்கு இவ்வளவு பயம் காட்டுகிறீர்கள்? வெஸ்ட் ஆனது நம் சொத்து. உழைத்துச் சம்பாதித்தது. விலை கூடலாம் குறையலாம், ஆனால் அதைப் பிடுங்க யாருக்கும் உரிமை கிடையாது. வெஸ்ட் ஆகாததைப் பற்றி மட்டும் பேசுங்கள் போதும்.

மழைக்குருவி

தனிமரம், நியாயப்படி அப்படித்தான் இருக்க வேண்டும், அதில் உங்களோடு எனக்குக் கருத்து வேற்றுமை இல்லை. ஆனால் ஸ்கைப் கதையைப் பாருங்கள். 2011-இல் மைக்ரோசாஃப்ட் 850 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்த சமயம். அதற்குச் சற்று முன்னால் வேலையை விட்டவர்களில் சிலர் தங்களுடைய வெஸ்ட் ஆன ஆப்ஷனே மதிப்பில்லாமல் போனதைக் கண்டார்கள். தானாக வேலையை விட்டாலோ, காரணம் காட்டி நீக்கப்பட்டாலோ, வெஸ்ட் ஆனதையும் ஊழியர் கொடுத்த விலைக்கே திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமை கம்பெனிக்கு இருந்தது. அந்த வரி கிராண்ட் லெட்டரில் நேரடியாக இல்லை. அது சுட்டிக்காட்டிய இன்னொரு ஒப்பந்தத்துக்குள் இருந்தது.

எனவே "திரும்ப வாங்கும் உரிமை" என்று எங்கே வந்தாலும் நிறுத்திப் படியுங்கள். எந்த விலைக்கு? சந்தை மதிப்புக்கா, கொடுத்த விலைக்கா? கிராண்ட் லெட்டர் வேறு ஏதாவது ஆவணத்தைச் சுட்டினால் அதையும் கேட்டு வாங்குங்கள்.

தனிமரம்

கொடுத்த விலைக்கே திரும்ப வாங்குவது என்றால் அதற்கு வெஸ்டிங் என்று ஏன் பேர் வைக்க வேண்டும்! படித்துவிட்டுக் கோபம்தான் வருகிறது. என் கிராண்ட் லெட்டரை இன்று இரவே எடுத்துப் பார்க்கிறேன்.

தாழை

எல்லோருக்கும் நன்றி. திட்ட விதியைத் தேடி எடுத்துவிட்டேன். கைமாறுதல் பத்தியில் "இயக்குநர் குழு தன் விருப்பப்படி, ஊழியரின் ஒப்புதல் இல்லாமலே, ஏற்கச் செய்யலாம், மாற்றலாம், ரொக்கம் தரலாம், ரத்து செய்யலாம், எல்லா ஊழியரையும் ஒரே மாதிரி நடத்த வேண்டியதில்லை" என்று இருக்கிறது. வெஸ்டிங்கை விரைவுபடுத்துவது பற்றி ஒரு சொல்லும் இல்லை. இதற்கிடையில் வாங்கும் கம்பெனியிலிருந்து புது வேலை ஒப்பந்தம் வந்திருக்கிறது, சீக்கிரம் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். சம்பளம் அதேதான்.

வெண்பலகை

தாழை, நான் நிறுவனங்களில் பங்குத் திட்ட நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்கிறவள். இப்படிப்பட்ட டீல்களில் மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே எப்படி யோசிப்பார்கள் என்று சொல்கிறேன்.

இயக்குநர் குழுவுக்கு விருப்புரிமை கொடுக்கும் பத்தி இன்று ஏறக்குறைய எல்லாத் திட்டங்களிலும் இருக்கிறது. அதைக் கண்டு மட்டும் பதற வேண்டாம். வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது பெரும்பாலும் உங்களைப் போன்றவர்களின் வேலையைத்தான். வெஸ்ட் ஆகாததை ரத்து செய்தால் அடுத்த வாரமே ஆட்கள் கிளம்பிவிடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். எல்லாவற்றையும் உடனே வெஸ்ட் செய்தாலும் கிளம்பிவிடுவார்கள். அதனால்தான் "அதே தேதிகளில் தொடரட்டும்" என்ற நடுவழி அதிகம். தொடர்வதில் வரும் ஆபத்து வேறு: நடுவில் உங்களை அனுப்பினால் மீதி என்னவாகும்?

டுவிட்டரை 2022 அக்டோபரில் பங்குக்கு 54.20 டாலருக்கு வாங்கியபோது, வெஸ்ட் ஆகாத ஊழியர் பங்குகள் அதே விலையில் ரொக்க வாக்குறுதியாக மாறின, பழைய தேதிகளே தொடர்ந்தன. கைமாறிய சில நாட்களிலேயே பெரிய ஆட்குறைப்பு தொடங்கியது. வேலையில் இருந்தால்தான் தவணை என்ற நிபந்தனையின் முழு எடை அங்கே தெரிந்தது.

அதனால் உங்களுக்கு இப்போது மிகவும் மதிப்புள்ள ஒரே கேள்வி: "டீல் முடிந்த 12 மாதத்துக்குள் காரணமில்லாமல் என்னை நீக்கினால் மீதி வெஸ்ட் ஆகுமா?" புது ஒப்பந்தத்தில் இதைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். கையெழுத்துக்கு அவசரப்படுத்துகிறார்கள் என்றால் அவர்களுக்கு அந்தக் கையெழுத்து வேண்டும் என்று அர்த்தம். டீல் முடியும் முன் குறிப்பிட்ட சதவீத ஊழியர்கள் புது ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்க வேண்டும் என்பது வாங்குபவர் வைக்கும் நிபந்தனைகளில் ஒன்றாக இருப்பதுண்டு. நீங்கள் கேட்கக்கூடிய நேரம் இதுதான். கையெழுத்திட்ட பிறகு அந்தப் பலம் இருக்காது.

"காரணம்" என்ற சொல்லின் வரையறையையும் பாருங்கள். திருட்டு, மோசடி, கடும் விதிமீறல் என்று இருந்தால் சரி. "திருப்தியற்ற வேலைத்திறன்" என்று இருந்தால் யாரையும் அதில் அடக்கிவிடலாம். மறுபக்கம் "தகுந்த காரணத்தோடு விலகல்" என்ற வரையறை இருக்கிறதா? சம்பளத்தைக் கணிசமாகக் குறைப்பது, தொலைவிலுள்ள அலுவலகத்துக்கு மாற்றுவது, பொறுப்பைப் பறிப்பது நடந்தால் நீங்களாக விலகினாலும் நீக்கப்பட்டதாகக் கொள்ளும் விதி அது. சின்ன ஊழியர்களுக்கு இதைத் தர மாட்டார்கள் என்று நினைத்துக் கேட்காமல் விடாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு: ஏற்கனவே வெஸ்ட் ஆனதை மறுபடி வெஸ்டிங்கில் போடுவது. நிறுவனர்களிடமும் முக்கியமான பொறியாளர்களிடமும் கேட்பார்கள். புது ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் அது ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆட்கள் விலகாமலிருக்கப் புதிதாகத் தருகிற தக்கவைப்புப் பங்கோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 2014-இல் வாட்ஸ்அப் டீலில் சொன்ன 1,900 கோடி டாலரில் 300 கோடி, நிறுவனர்களுக்கும் ஊழியர்களுக்கும் நான்கு ஆண்டுகளில் வெஸ்ட் ஆகும் ஆர்.எஸ்.யு.தான். மொத்த விலைக்குள்ளேயே தக்கவைப்பையும் சேர்த்துச் சொல்லும் பழக்கம் உண்டு.

நெடுவழி

வெண்பலகை, நீங்கள் சொன்ன "தகுந்த காரணத்தோடு விலகல்" எங்கள் டீமில் இருவரைக் காப்பாற்றியது. புது மேலாளர் அவர்கள் பொறுப்பை எடுத்து வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். விதியில் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து, சரிசெய்ய அவகாசம் தர வேண்டும் என்றிருந்தது. ஒழுங்காகக் கொடுத்தார்கள், மீதி முழுவதும் வெஸ்ட் ஆனது. அதே நிலையில் இருந்த இன்னொருவர் கோபத்தில் சட்டென்று ராஜினாமா மெயில் அனுப்பிவிட்டார், அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை.

தனிமரம்

நேற்று இரவு என் விதிகளைப் படித்தேன், திரும்ப வாங்கும் உரிமை சந்தை மதிப்பில்தான் என்று இருக்கிறது, நிம்மதி.

ஆனால் ஒரு விஷயத்தில் என் கருத்து மாறாது. கம்பெனியை அந்த விலைக்கு உயர்த்தியதில் ஊழியருக்கும் பங்குண்டு. தலைமை அதிகாரிக்கு ஒற்றை டிரிக்கர், இரவு பகலாக வேலை செய்தவனுக்கு இயக்குநர் குழு விருப்பம் என்றால் அது அநியாயம். எல்லோருக்கும் ஒற்றை டிரிக்கர் வைக்க என்ன தடை?

வெண்பலகை

அநியாயம் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. தடை என்னவென்றால், உடனே வெஸ்ட் ஆகும் ஒவ்வொரு பங்குக்கும் வாங்குபவர் அன்றே பணம் தர வேண்டும். அதற்கு மேல் ஆட்களைத் தக்கவைக்கப் புதிதாக வேறு தர வேண்டும். அந்தச் செலவை விலையில் குறைத்துக்கொள்வார்கள். அதனால் வெஸ்ட் ஆனதை வைத்திருக்கும் பழைய ஊழியர்களின் பங்கு விலையும் குறையும்.

நான் போராடிக் கேட்பது எல்லா மட்டத்துக்கும் ஒரே இரட்டை டிரிக்கர். வேலையில் வைத்திருந்தால் தேதிப்படி கொடு, அனுப்பினால் அன்றே கொடு. இதை எதிர்த்து வாங்குபவரால் நியாயமாக எதுவும் சொல்ல முடிந்ததை நான் பார்த்ததில்லை. ஆனால் இதைத் திட்டம் எழுதும்போதே சேர்க்க வேண்டும், டீல் வந்தபின் சேர்ப்பது மிகவும் கடினம்.

அக்கரை

நான் இங்கிலாந்துச் சட்டப்படி நடக்கும் சேமிப்பு வகைத் திட்டத்தில் இருக்கிறேன். மாதம் 500 பவுண்டு வரை சம்பளத்தில் பிடித்து, 3 அல்லது 5 ஆண்டு முடிவில் 20 சதவீதம் வரை தள்ளுபடி விலையில் பங்கு வாங்கும் திட்டம். எங்கள் கம்பெனியை வாங்க ஒரு முயற்சி நடக்கிறது. இங்கே சொன்னது எங்களுக்கும் பொருந்துமா?

ஏட்டுச்சுவடி

பாதி பொருந்தும். அந்தத் திட்டத்தில் கைமாறிய பின் பொதுவாக 6 மாத ஜன்னல் உண்டு. அதற்குள் அதுவரை சேமித்த பணத்துக்கு எத்தனை பங்கு வருமோ அத்தனையை மட்டும் தள்ளுபடி விலையில் வாங்கலாம், முழு எண்ணிக்கையும் கிடைக்காது. எனவே ஜன்னல் திறந்த அன்றே வாங்காமல், இன்னும் சில மாதம் சேமித்துவிட்டு முடிவதற்குள் வாங்கினால் சற்று அதிகப் பங்கு வரும். ஆனால் வாங்குபவர் எல்லாப் பங்கையும் கட்டாயமாக எடுத்துக்கொள்ளும் கட்டத்துக்கு வந்தாலோ, நீதிமன்ற ஒப்புதலோடு நடக்கும் திட்டமாக இருந்தாலோ ஜன்னல் சுருங்கலாம். கடிதத்தில் உள்ள கடைசித் தேதியை மட்டும் நம்புங்கள். பங்கு விலை உங்கள் விலையைவிடக் கீழே இருந்தால் சேமித்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், நட்டம் கிடையாது.

உங்கள் நாட்டுக் கையகப்படுத்தல் விதித்தொகுப்பில் 15-ஆம் விதி இருக்கிறது. ஆப்ஷன் வைத்திருப்பவர்களுக்கும் உரிய முன்மொழிவை வாங்குபவர் வைத்தே ஆக வேண்டும். அந்தக் கடிதம் தனியாக வரும், குப்பை மெயில் என்று தள்ளிவிடாதீர்கள்.

இந்தியாவில் பட்டியலிட்ட கம்பெனிகளுக்கு, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் 2021 விதிமுறைகள் உண்டு. இணைப்புத் திட்டத்தின் கீழ் ஊழியர் வேறு கம்பெனிக்கு மாற்றப்பட்டால், அவருடைய ஆப்ஷன் என்னவாகும் என்பதை அந்தத் திட்டமே சொல்ல வேண்டும். அது ஊழியர் நலனுக்குப் பாதகமாக இருக்கக் கூடாது. பட்டியலிடாத கம்பெனிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

வரிப்புத்தகம்

இவ்வளவு பேசியும் வரி வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பலரைக் கடைசியில் திணறவைப்பது அதுதான்.

ஆப்ஷனுக்கு நேரடியாக ரொக்கம் கொடுத்து ரத்து செய்தால், அது பொதுவாகச் சம்பள வருமானமாகவே பார்க்கப்படும், நீண்டகால மூலதன ஆதாயமாக அல்ல. முன்பே எக்சர்சைஸ் செய்து பங்காக வைத்திருந்தவர்களுக்குக் கணக்கு வேறு. ஒரே டீலில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவர்களின் கைக்கு வரும் தொகை வித்தியாசப்படுவதற்கு இதுவே காரணம்.

இந்தியாவில் எக்சர்சைஸ் செய்யும்போதே அன்றைய மதிப்புக்கும் நீங்கள் கட்டிய விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பளமாக வரிக்கு உட்படும். விற்கும்போது அதற்கு மேல் உயர்ந்த பகுதிக்கு மூலதன ஆதாய வரி. தகுதியுள்ள ஸ்டார்ட்அப் ஊழியர்களுக்கு அந்த முதல் வரியைத் தள்ளிப்போடும் சலுகை உண்டு. ஆனால் பங்கை விற்றாலோ வேலையை விட்டாலோ அது முடிந்துவிடும். கையகப்படுத்தலில் இரண்டும் சேர்ந்தே நடக்கலாம்.

ரொக்கம் வாங்கியும் ஆப்ஷன் தொடரும் நிலை இன்னும் சிக்கல். ஃப்ளிப்கார்ட்டிலிருந்து போன்பே பிரிந்தபோது, ஃப்ளிப்கார்ட் ஆப்ஷனின் மதிப்பு குறைந்ததற்காக ஊழியர்களுக்கு ஏறத்தாழ 70 கோடி டாலர் கொடுத்தார்கள். அந்தப் பணத்துக்குச் சம்பளம் போல வரி உண்டா? 2024-இல் டெல்லி உயர் நீதிமன்றம் இல்லை என்றது, அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் உண்டு என்றது.

அமெரிக்கச் சட்டத்தின் கீழ் உள்ளவர்கள் இரண்டைக் கவனியுங்கள். வரிச் சலுகை உள்ள ஊக்க ஆப்ஷன்களில் ஒரு ஆண்டில் முதன்முறையாகப் பயன்பாட்டுக்கு வருவது 1,00,000 டாலர் வரை மட்டுமே சலுகை பெறும். டீலில் எல்லாம் ஒரேயடியாக வெஸ்ட் ஆனால் மிகுதி சாதாரண ஆப்ஷனாகிவிடும். வேலையை விட்ட மூன்று மாதத்துக்குப் பின் எக்சர்சைஸ் செய்தாலும் சலுகை போய்விடும். உயர் அதிகாரிகளுக்குக் கைமாறுதலால் வரும் தொகை, ஐந்தாண்டுச் சராசரி ஊதியத்தின் மூன்று மடங்கை எட்டினால் 20 சதவீதம் கூடுதல் வரியும் உண்டு.

நெடுவழி

அப்படியென்றால் தாழை டீல் முடிவதற்குள் வெஸ்ட் ஆனதை எக்சர்சைஸ் செய்து பங்காக வைத்துக்கொள்வது லாபமா?

மழைக்குருவி

சொந்தப் பணத்தைப் போட்டு, கையில் வராத லாபத்துக்கு வரியும் கட்டி, பிறகு டீல் நின்றுபோனால்? ஃபிக்மாவை 2,000 கோடி டாலருக்கு வாங்குவதாக அடோபி 2022 செப்டம்பரில் அறிவித்தது. ஒழுங்குமுறை அமைப்புகளின் எதிர்ப்பால் 2023 டிசம்பரில் கைவிட்டார்கள். ஒப்பந்தப்படி ஃபிக்மா கம்பெனிக்கு 100 கோடி டாலர் கிடைத்தது. ஆனால் டீல் முடிந்தால்தான் டிரிக்கர், அறிவித்தால் அல்ல. நடுவில் ஓடிய ஒன்றேகால் ஆண்டும் ஊழியர்கள் காத்திருந்தார்கள்.

பின்னால் அந்தக் கம்பெனி நன்றாகத்தான் வந்தது. எல்லாக் கம்பெனியும் அப்படி வருவதில்லை. கடைசி மூன்று மாதத்தில் எக்சர்சைஸ் செய்வதால் கிடைக்கும் வரி லாபம் பெரும்பாலும் சிறியது. மாட்டினால் இழப்பு பெரியது. கடன் வாங்கி மட்டும் செய்யவே செய்யாதீர்கள், தாழை.

தாழை

எழுத்தில் கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது. சாதாரணப் பங்குக்கு உத்தேச விலை சொல்லியிருக்கிறார்கள், செய்தியைப் பார்த்து நான் நினைத்ததில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். வெஸ்ட் ஆகாதது ரொக்க வாக்குறுதியாக மாறி அதே தேதிகளில் வரும். 12 மாத இரட்டை டிரிக்கரை மேலாளர் மட்டத்துக்கு மட்டும் தருவோம் என்றார்கள். எங்கள் குழுவில் பலர் சேர்ந்து கேட்டதும் 6 மாதத்துக்கு எல்லோருக்கும் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வெண்பலகை அக்கா, இதற்கு உங்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

ஒன்று மட்டும் புரியவில்லை. வெஸ்ட் ஆனதற்கு வரும் தொகையில் பத்தில் ஒரு பங்கை எஸ்க்ரோவில் (மூன்றாவது ஆள் பொறுப்பிலுள்ள கணக்கில்) நிறுத்திவைப்பார்களாம், ஒன்றரை ஆண்டு கழித்துத் தருவார்களாம். எங்கள் சார்பில் பேசப் பங்குதாரர் பிரதிநிதி ஒருவரை ஒப்புக்கொண்டு கையெழுத்திடச் சொல்கிறார்கள்.

வெண்பலகை

சேர்ந்து கேட்டீர்கள் பாருங்கள், அதுதான் வேலை செய்தது. 6 மாதம் நல்ல வெற்றி, எழுத்தில் வரும் வரை விடாதீர்கள்.

எஸ்க்ரோ வழக்கமானதுதான். கம்பெனி பற்றி விற்பவர்கள் சொன்னது பொய்யாகிப்போய் வாங்குபவருக்கு நட்டம் வந்தால் அதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். படிவத்தில் இரண்டு இடம் பாருங்கள். உங்கள் பொறுப்பு எஸ்க்ரோ தொகையோடு நிற்கிறதா, அல்லது ஏற்கனவே வாங்கிய பணத்தையும் திருப்பிக் கேட்க முடியுமா? இரண்டாவது, அந்தக் கையெழுத்தோடு சம்பள பாக்கி, விடுப்புப் பணம் உள்ளிட்ட எல்லா உரிமைகளையும் விட்டுக்கொடுப்பதாக வாசகம் சேர்ந்திருக்கிறதா? இருந்தால் அதை மட்டும் நீக்கச் சொல்லலாம், நீக்குவார்கள். தொகை பெரியது என்றால் ஒரு வக்கீலிடம் ஒரு மணி நேரம் செலவழிப்பது வீண் போகாது.

எஸ்க்ரோ பணம் வரும் நாளில் நீங்கள் அங்கே வேலையில் இல்லாமலும் போகலாம். பணம் தரும் முகவரிடம் சொந்த மெயிலையும் வங்கிக் கணக்கையும் பதிந்துவையுங்கள். டீல் முடிந்ததும் பழைய பங்குத் தளத்தை மூடிவிடுவார்கள், பழைய மெயில் கணக்கும் போகும். கிராண்ட் லெட்டர், வெஸ்டிங் பட்டியல், எக்சர்சைஸ் ரசீது, கட்டிய வரிச் சான்று ஆகியவற்றில் உங்களுக்குரிய பிரதிகளை அதற்குள் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்திவைத்ததில் குறைத்துக் கொடுத்தால் ஏன் என்று கணக்குக் கேட்க உங்களிடம் இருக்கப்போவது அவை மட்டும்தான்.